‘பவர் சேவர்’ பிளக்: வாங்கலாமா?

வேண்டாம். 300 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றாலும் வேண்டாம். இதை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் சுவரில் சொருகினாலே மின்கட்டணம் குறையும் என்று விற்கிற இந்த டப்பா வெறும் விளம்பரமாக வருவதில்லை, அறிவியல் செய்தி வேஷத்தில் வருகிறது. நிகோலா டெஸ்லாவின் மறைக்கப்பட்ட நுட்பம் என்கிறார்கள். கல்லூரி மாணவர் கண்டுபிடித்தது, மின்வாரியம் வெளியே விடாமல் தடுக்கிறது என்கிறார்கள். பவர் ஃபேக்டர், கெப்பாசிட்டர் என்று நடுவில் வரும் சொற்களெல்லாம் உண்மையானவை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

முதலில் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மேல்மூடியைத் திறந்தால் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று. அதில் பச்சை எல்.இ.டி. இரண்டு, அவற்றை எரியவைக்க நான்கு டயோடும் ஒரு ரெசிஸ்டரும், கறுப்பு அல்லது மஞ்சள் உறையில் ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர். பெரும்பாலும் சில மைக்ரோஃபாரட்தான், ஏறக்குறைய சீலிங் ஃபேனுக்குப் போடுகிற அளவு. மலிவான சிலவற்றில் அதுவும் கிடையாது, எல்.இ.டி.யை எரியவைக்கும் குட்டிக் கெப்பாசிட்டரோடு வேலை முடிந்தது.

மின்னேற்றத்தைத் தேக்கிவைத்துத் திருப்பிக் கொடுக்கும் கெப்பாசிட்டர் பயனற்ற பொருள் அல்ல. மோட்டார், சோக் மாதிரி செம்புச் சுருள் உள்ள எதுவும் காந்தப்புலத்தை உண்டாக்கக் கொஞ்சம் மின்சாரத்தைக் கைமாற்றாக வாங்கி, உடனே திருப்பிக் கொடுக்கிறது. இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. வேலை செய்யாத இந்தக் கைமாற்று மின்னோட்டமும் கம்பியில் ஓடுவதால் ஆம்பியர் கூடுதலாகத் தெரியும். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரை வைத்தால், மோட்டார் கைமாற்றை அதனிடமே வாங்கிக்கொள்ளும், ஆம்பியர் குறையும். கம்பியில் ஓடுவதில் நிஜமாக வேலை செய்யும் பங்குதான் பவர் ஃபேக்டர்; உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளில் அது 0.90க்குக் கீழே போனால் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே அங்கே கெப்பாசிட்டர் பேனல் நிஜமாகவே பணத்தை மிச்சம் பிடிக்கும்.

வீட்டு மீட்டர் அந்தக் கைமாற்றை எண்ணுவதே இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு யூனிட் என்பது கிலோவாட் மணி, அதாவது உண்மையில் செலவான ஆற்றல் மட்டும். வாங்காத கட்டணத்தை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2009இல் இதே கேள்வியை ஆராய்ந்து இதே முடிவுக்குத்தான் வந்தது.

வீடியோவில் காட்டும் டெமோவைக் கவனியுங்கள். பழைய செம்பு சோக் போட்ட 40 வாட் டியூப்லைட் ஒன்று, கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று. டியூப் தனியாக எரியும்போது சுமார் 0.43 ஆம்பியர். 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை இணைத்தால் கணக்குப்படி 0.23 ஆம்பியர் ஆகிவிடும். கிட்டத்தட்ட பாதி! எண்ணில் பொய்யில்லை. ஆனால் அதே இடத்தில் வாட் மீட்டரை வைத்தால், சோக்கின் இழப்பையும் சேர்த்து, முன்னும் பின்னும் சுமார் 50 வாட்தான். டெமோவில் கிளாம்ப் மீட்டர் மட்டும் வருவதற்கும் வாட் மீட்டர் வராமல் போவதற்கும் காரணம் இதுதான்.

கம்பியில் சூடாகி வீணாவதாவது மிச்சமாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கணக்குப் போடலாம். 1000 வாட் இழுக்கும் தண்ணீர் மோட்டார், பவர் ஃபேக்டர் 0.7 என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 6.2 ஆம்பியர். மீட்டரிலிருந்து மோட்டாருக்கு 20 மீட்டர் தூரம், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால் போய்வர சுமார் 0.3 ஓம், வீணாவது 11.5 வாட். பவர் ஃபேக்டரை 0.95க்கு உயர்த்தினால் வீணாவது 6.3 வாட். ஆக மிச்சம் 5 வாட், அதாவது ஆயிரத்தில் ஐந்து. அதற்குத் தேவையான கெப்பாசிட்டர் சுமார் 42 மைக்ரோஃபாரட். டப்பாவில் 4.7 இருந்தால் ஒன்பதில் ஒரு பங்கு. அதுவும் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹாலில் டிவி பக்கத்து பாயிண்ட்டில் சொருகினால் மெயின் போர்டுக்கும் மோட்டாருக்கும் இடையிலான கம்பியில் எதுவுமே மாறாது.

இன்றைய வீடுகளில் சோக் டியூப்பே அரிதாகிவிட்டது. எல்.இ.டி. விளக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன், செல்போன் சார்ஜர் போன்றவற்றில் பவர் ஃபேக்டர் குறைவதற்கு முக்கியக் காரணம் வேறு: மின்னோட்டத்தை வோல்டேஜ் அலையின் உச்சியில் மட்டும் துண்டு துண்டாக இழுக்கின்றன. அந்தக் கோணலைக் கெப்பாசிட்டரால் நிமிர்த்த முடியாது.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், ஈபி மீட்டரிடமே கேட்டுவிடலாம். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பதும் அங்கேயே பொறித்திருக்கும். 3200 என்றால் ஒரு துடிப்புக்கு 0.3125 வாட் மணி. மற்ற எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் விடுங்கள். 15 நொடிக்கு ஒரு துடிப்பு வரும். முதல் துடிப்பில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, அடுத்த 20 துடிப்புக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். சுமார் 5 நிமிடம். டப்பாவைச் சொருகி மறுபடி ஒருமுறை. இப்படி மாற்றி மாற்றி மூன்று முறை செய்தால் போதும். வோல்டேஜ் ஏறி இறங்குவதால் சில நொடி முன்பின் ஆகலாம். விளம்பரம் சொல்கிற 30, 40 சதவீதம் மிச்சமானால் 5 நிமிடம் 7 நிமிடத்தைத் தாண்ட வேண்டும். அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் இரண்டையும் இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். தாமாக நின்று நின்று ஓடுவதால் கணக்கு குழம்பிவிடும்.

அப்படியானால் ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா? இல்லை, பலருக்கு பில் நிஜமாகவே குறைந்திருக்கும். மே மாதக் கடுப்பில் வாங்குகிறார்கள், ஏ.சி. ஓடாத மாதங்களின் பில்லோடு ஒப்பிடுகிறார்கள். இன்னொரு காரணம் நம் கட்டணப் படிநிலை. 2022 செப்டம்பர் அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1725 ரூபாய், 510 யூனிட் என்றால் 2030 ரூபாய் என்று இருந்தது. 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடுவதால் வெறும் 10 யூனிட்டில் 305 ரூபாய் வித்தியாசம் வந்தது. நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தாலே அந்த 10 யூனிட் குறையும். பெயர் டப்பாவுக்குப் போகும்.

டப்பாவின் சொந்தச் செலவும் இருக்கிறது. பச்சை விளக்குக்கும் உள் இழப்புக்கும் ஒரு வாட் ஆனாலே இரண்டு மாதத்தில் 1.44 யூனிட்.

பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாத விஷயம் பாதுகாப்புதான். மலிவான மாடல்களில் ஃப்யூஸ் இருப்பதில்லை. நேரடி மெயின் லைனுக்கு ஏற்ற பாதுகாப்பு வகைக் கெப்பாசிட்டரும் இருப்பதில்லை. இரவும் பகலும் 230 வோல்ட்டில் கிடக்கும் தரமற்ற கெப்பாசிட்டர் உப்பும், பிளாஸ்டிக் உருகும். மின்னேற்றத்தை வடிக்கும் ரெசிஸ்டர் இல்லாததில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பின்களில் 325 வோல்ட் வரை நிற்கலாம். குழந்தை கையில் எடுத்தால் ஷாக் அடிக்கும். பிடுங்கும்போது பின்களைத் தொடாதீர்கள், திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, அதிகம் ஓடும் ஒரு ஃபேனை மட்டும் பி.எல்.டி.சி.யாக மாற்றுங்கள். 75 வாட் இடத்தில் 35 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் மிச்சம். மேலே சொன்ன துடிப்புச் சோதனையில் அது அப்பட்டமாகத் தெரியும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அந்தச் சோதனையை டப்பாவோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என வீடியோ எடுத்து, பொருள் விவரம் தவறு என்ற காரணத்தோடு அனுப்புங்கள். விற்றவர் மறுத்தால் அதே வீடியோவையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.