முதலீட்டு வங்கியில் நுழைய "ரெஃபரல்" விற்பவர்களிடம் பணம் கட்டும் முன்

பிரிட்டனில் அதிகம் அறியப்படாத பல்கலைக்கழகங்களில் ஓராண்டு முதுகலை படிக்க வந்து, நிறுவனங்கள் பணம் திரட்டவும் ஒன்றையொன்று வாங்கவும் உதவும் லண்டன் முதலீட்டு வங்கிகளில் நுழைய விரும்பும் வெளிநாட்டு மாணவர்களையே குறிவைத்து இயங்கும் பயிற்சி நிறுவனம் ஒன்றிடம் நான் பெருந்தொகையை இழந்திருக்கிறேன். புகார் இன்னும் முடியாததால் அதன் பெயரை எழுதவில்லை. இதே வேலை வேறு பெயர்களிலும் நடக்கிறது என்பதால், அது நடக்கும் விதத்தைச் சொல்வதுதான் படிப்பவர்களுக்கு உதவும்.

அவர்களுடைய பேச்சு ஓர் உண்மையிலிருந்து தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இம்பீரியல், வாரிக் போன்ற சில இடங்களைத்தான் பெரிய வங்கிகள் "டார்கெட்" பல்கலைக்கழகங்களாகக் கருதித் தேடிச் செல்கின்றன. மற்ற இடங்களில் படிப்பவர்களின் விண்ணப்பம் கூட்டத்தில் காணாமல் போவது வழக்கம். இதை மறுக்க முடியாது என்பதால், அடுத்து வரும் பொய்யையும் மாணவர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். தங்களிடம் பணம் கட்டினால் லண்டன் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைக்கும், அந்த அனுபவத்தோடு வங்கிக்குள்ளேயே இருப்பவரின் ரெஃபரலும், அதாவது பரிந்துரையும், கிடைக்கும், நேர்காணல் உறுதி என்பதுதான் அந்தப் பொய்.

விற்பனைப் பேச்சில் விசாவைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. கோடைக்கால இன்டர்ன்ஷிப் வழியாகத்தான் வங்கிகள் முழுநேரப் பணிக்குப் பெரும்பாலானவர்களை எடுக்கின்றன. ஓராண்டு முதுகலை மாணவர் செப்டம்பரில் வந்து இறங்கும்போதே அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் பல வங்கிகளில் திறந்திருக்கும். கடைசித் தேதிவரை காத்திராமல், வர வர எடுத்துப் பரிசீலிக்கும் வங்கிகளில் இடங்கள் வேகமாக நிரம்பும். அப்படியே இடம் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதுகலை மாணவருக்குக் கோடை என்பது விடுமுறையன்று, ஆய்வேடு எழுதும் காலம். மாணவர் விசாவில் அது பொதுவாகப் பாடக்காலமாகவே கணக்கிடப்படுவதால் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பும் அந்தக் கணக்கில் சேரும். முழுநேரக் கோடை இன்டர்ன்ஷிப்பைத் தயக்கமின்றி விற்ற, பயிற்சி நிறுவனத்தின் ஆலோசகருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர்களுடைய கையேட்டில் "ஸ்பிரிங் வீக்" ஒரு பெரிய தலைப்பாக இருந்தது. அது முதன்மையாக இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கு வங்கிகள் நடத்தும் குறுகிய அறிமுகத் திட்டம். முதுகலை மாணவரிடம் அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள்.

இன்டர்ன்ஷிப் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அலுவலகம் என்று ஒன்று இல்லை. வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பு, இடையில் ஓர் எக்செல் கோப்பு. அந்தக் கோப்பில் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் பணப்பாய்வு மதிப்பீடு, அதாவது வரப்போகும் பணத்தை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடுவது, முன்பே போடப்பட்டிருந்தது. எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதத்தையும் வளர்ச்சி விகிதத்தையும் மாற்றிப் பார்ப்பதுதான் வேலை. கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தபோது, அது பல ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் உருவாக்கிய மாதிரி என்று தெரிந்தது. முடிவில் வந்த சான்றிதழில் "நிறுவனக் கையகப்படுத்தல் பரிவர்த்தனைகளில் பணியாற்றினார்" என்று எழுதியிருந்தார்கள். பின்னர் ஒரு சிறிய நிறுவனத்தின் நேர்காணலில், அந்தப் பரிவர்த்தனையில் நீங்கள் யார் பக்கம், வாங்குபவர் லாபத்தின் எத்தனை மடங்கை விலையாகச் சொன்னார், ஏன் அந்த மடங்கு என்று வரிசையாகக் கேட்டார்கள். நடக்காத பரிவர்த்தனைக்கு விலையும் கிடையாது, பக்கமும் கிடையாது. இதைவிடப் பெரிய ஆபத்து, பணியில் சேர்க்கும் முன் வங்கிகள் முந்தைய அனுபவத்தைச் சரிபார்ப்பது. பொய்யான வரி ஒன்று அங்கே சிக்கினால் கைக்கு வந்த வேலையும் போய்விடும்.

பிரிட்டனில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வழங்கிய ஆலோசனை நிறுவனத்தையும் பயிற்சி நிறுவனத்தையும் அதில் தேடியபோது, இரண்டுக்கும் ஒரே இயக்குநர், ஒரே முகவரி. நிதிச் சேவை நிறுவனங்களுக்கு அனுமதி தரும் நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் ஆலோசனை நிறுவனத்தின் பெயர் இல்லை. எல்லா ஆலோசனைப் பணிக்கும் அந்த அனுமதி தேவையில்லை என்பதால் அதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் கம்பெனீஸ் ஹவுஸ் விவரத்தோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் மிஞ்சவில்லை.

ரெஃபரல் என்பது லிங்க்ட்இனில் யாரோ ஒருவருக்கு அவர்கள் எழுதித் தந்த கடிதத்தை நானே அனுப்புவதாக முடிந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் ஒப்பந்தத்தின் கெட்டிக்காரத்தனம் புரிந்தது. வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை, பொழுதுபோக்கு, மாடலிங் போன்ற சில துறைகளைத் தவிர, 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகமைகள் சட்டம் தடுக்கிறது. அதனால் விளம்பரத்தில் "நேர்காணல் உறுதி" என்று இருந்தது, ஒப்பந்தத்தில் "கல்வி வழிகாட்டல், பலனுக்கு உத்தரவாதமில்லை" என்று மாறியிருந்தது. இணையவழி வாங்கிய சேவையை 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. ஆனால் "உடனே தொடங்கச் சம்மதிக்கிறேன்" என்ற கட்டத்தில் குறியிட்டால்தான் பணம் கட்டும் பக்கத்துக்கே போக முடியும், அதற்குப் பின் ரத்து செய்தாலும் அதுவரை தந்த சேவைக்கு அவர்கள் கட்டணம் கேட்கலாம். முதல் நாளிலேயே காணொளிகள் முழுவதையும் திறந்துவிட்டு, சேவையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று வாதிடுகிறார்கள். கடன் அட்டையை ஏற்காமல் வங்கிப் பரிமாற்றத்தை மட்டும் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது: 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளவற்றைக் கடன் அட்டையில் வாங்கினால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை வழங்கிய வங்கியிடமே ஈடு கேட்கலாம், பரிமாற்றத்தில் அந்த வழி இல்லை.

பணம் கட்டாமலேயே செய்யக்கூடியவை பல உண்டு. வெளிநாட்டவரை வேலை விசாவில் எடுக்க ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசு வெளியிடுகிறது. விண்ணப்பிக்கும் முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய வங்கிகளில் தொடக்கநிலைச் சம்பளம் ஸ்பான்சர் விசாவுக்கான வரம்பைத் தாண்டிவிடும்; தடையாக இருப்பது அந்த நிறுவனம் ஸ்பான்சர் செய்ய முன்வருமா என்பதும் உங்களிடம் மீதமிருக்கும் காலமும்தான். படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டுகளாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதங்களாகக் குறைகிறது. அந்தக் காலத்தில் வழக்கமான கோடைப் பருவத்துக்கு வெளியே நடக்கும் ஆஃப்-சைக்கிள் இன்டர்ன்ஷிப், சிறிய ஆலோசனை நிறுவனங்கள், பெரிய கணக்காய்வு நிறுவனங்களின் மதிப்பீட்டுப் பிரிவு ஆகியவற்றில் நுழைந்து பின்னர் வங்கிக்கு மாறுவதுதான் பெயரில்லாத பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்களுக்கு ஓரளவு நடைமுறையான பாதை என்று நான் கருதுகிறேன். எக்செல் மாதிரிகள் கட்டக் கற்றுத்தரும் நேர்மையான வகுப்புக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆள் தெரியும் என்று சொல்வதற்குக் கொடுக்காதீர்கள்.

நான் புகார் அளித்த பின் அந்தப் பயிற்சி நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே கம்பெனீஸ் ஹவுஸில் தேடும்போது நிறுவனத்தின் பெயரோடு நிறுத்தாமல், இயக்குநரின் பெயரைச் சொடுக்கி அவர் முன்பு நடத்திய, கலைத்த நிறுவனங்கள் அனைத்தையும் பாருங்கள். பழைய பெயர்களும் அங்கேயே பதிவாகியிருக்கும்.