புதுச்சேரியில் எட்டு ஞாயிற்றுக்கிழமை வணிகப் பயிற்சி: கட்டிய பணம் திரும்பியதா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடும்பம் முந்திரிப் பருப்புக் கடை நடத்துகிறது. பண்ருட்டிப் பக்கத்து ஆலைகளில் பருப்பு வாங்கி, கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலங்களாகக் கட்டி, கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள மளிகைக் கடைகளுக்கும் இனிப்பகங்களுக்கும் கொடுக்கிறோம். மாதம் ஏறத்தாழ 250 கிலோ போகும். கடந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், லாஸ்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனம் சிறு வணிகர்களுக்காக நடத்தும் எட்டு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் சேர்ந்து முடித்தேன். கட்டணம் 24,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 28,320 ரூபாய். பயிற்சி முடிந்த உடனே எழுதும் பாராட்டுக்கு மதிப்பில்லை என்பதால், ஒரு முந்திரிப் பருவம் கடந்த பிறகு இதை எழுதுகிறேன். குறைகளும் சொல்லியிருப்பதால், ஒரே ஒரு பயிற்சி அணியில் மட்டும் உட்கார்ந்தவன் என்ற முறையில் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

சேர்வதற்கு முன் நான் போட்ட கணக்கை முதலில் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இந்த மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. தோப்புக்காரர்களுக்கு என் தந்தை கொடுத்திருந்த முன்பணத்தில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. மரமே போனவர்களிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அன்றிலிருந்து, எந்தப் புது முயற்சிக்கும் முன்னால் ‘முழுவதும் போனால் நம் கையில் என்ன மிஞ்சும்’ என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இருக்கிறது. கணக்கு எழுதும் என் மனைவியும் நானும் அப்படி எழுதிப் பார்த்து, சரக்கு வாங்கும் பணத்தைத் தொடாமல் 30,000 ரூபாய் வரை இழக்கலாம் என்று முடிவு செய்தோம். மாதத் தவணைக்கு ஒரு நிதி நிறுவனத்தை ஏற்பாடு செய்து தருவதாகப் பயிற்சி அலுவலகத்தில் சொன்னார்கள். கடன் வாங்கிப் படித்தால் இழப்பின் எல்லை நம் கையில் இருக்காது என்பதால் மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, பாதிப் பணத்தை முதலிலும் மீதியை மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டுவதாகவும், இரண்டாவது வகுப்போடு நின்றால் மீதி கட்ட வேண்டியதில்லை என்றும் கேட்டேன். ஒப்புக்கொண்டு அதை வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார்கள். இது அவர்களுக்கு நான் மனமாரக் கொடுக்கும் முதல் மதிப்பெண்.

அடுத்தது, போட்ட பணம் எப்படித் திரும்பும் என்ற கணக்கு. எங்கள் கடை முறையான ஜிஎஸ்டி பதிவில் இருப்பதால் 4,320 ரூபாய் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே உண்மையான செலவு 24,000. கிலோவுக்கு 12 ரூபாய் கூடுதலாக நின்றால் 250 கிலோவுக்கு மாதம் 3,000 ரூபாய். எட்டு மாதத்தில் கட்டணம் வந்துவிடும். ஒரு கிலோவில் 12 ரூபாயை மிச்சப்படுத்தும் வழியை எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரால் எனக்குக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று தோன்றியதற்குக் காரணம், நிறுவனம் காட்டிய சான்றுகள் அல்ல. முந்தைய அணியில் படித்த ஒரு பேக்கரிக்காரரை நானாகத் தேடிப் போய்ப் பார்த்தபோது, அடக்கவிலை வகுப்புக்குப் பிறகு இரண்டு பண்டங்களைச் செய்வதையே நிறுத்திவிட்டதாக அவர் சொன்னதுதான்.

அந்த அடக்கவிலை வகுப்பு மூன்றாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. நடத்தியவர் பணி ஓய்வு பெற்ற ஒரு காஸ்ட் அக்கவுண்டன்ட். ஒரு மாதப் பில்களையும் விற்கும் பொருள் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அணியில் இருந்த பதினான்கு பேரின் பொருள்களும் மேசைமேல் வரிசையாக இருந்தன. என் கால் கிலோப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, இதில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டார். கடைக்கு 240 ரூபாய்க்குக் கொடுக்கிறேன், பருப்பு 205, பையும் லேபிளும் 6.50, ஆகவே 28.50 நிற்கிறது என்றேன், வரி நீங்கலாக. அவர் பலகையில் எழுதத் தொடங்கினார்: உடைசலும் எடைக்குறைவும் 4.10, கட்டும் கூலி 4, வண்டி 3. பிறகு, பணம் எத்தனை நாளில் வருகிறது என்றார். நாற்பத்தைந்து நாள் என்றேன். “தம்பி, சரக்கு கடைக்காரரிடம் இருக்கிறது, வட்டி உங்கள் தலையில் ஏறுகிறது” என்று சொல்லி, மாதம் ஒன்றரை சதவீத வட்டிக்கு 5.40 ரூபாயைச் சேர்த்தார். கூட்டினால் 228. மிஞ்சியது 12 ரூபாய். பதினோரு ஆண்டுகளாக நான் 28.50 என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் 12 ரூபாய் இருந்ததைப் பலகையில் பார்த்தபோது எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

அந்த இரண்டு வகுப்புகளுக்காக மட்டுமே இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர் யாருக்கும் பொதுவான அறிவுரை சொல்லவில்லை. மீன்வலைக் கடைக்காரருக்கு வேறு, தையலகம் நடத்தும் பெண்மணிக்கு வேறு என்று, அவரவர் பில்லை வைத்தே கணக்குப் போட்டார். ஐயா என்று எந்த நாளில் தொலைபேசியில் அழைத்தாலும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

மற்ற வகுப்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. சமூக ஊடக விளம்பர வகுப்பில் காட்டிய எடுத்துக்காட்டுகள் எல்லாம் பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களுடையவை. ஆட்களை வேலைக்கு எடுப்பது பற்றிய வகுப்பு, இரண்டு பேரை வைத்து வேலை வாங்கும் எங்களுக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம் வரி வகுப்புதான். அணியில் பாதிப் பேர் கடலூர்க்காரர்கள், பாதிப் பேர் புதுச்சேரிக்காரர்கள். எங்களுக்கு எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம்; வரிக் கணக்கில் அது வேறு மாநிலம் போலத்தான். முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் கடைக்குப் பருப்பு கொடுப்பதும் மாநிலம் கடந்த விற்பனையாகிவிடுகிறது. விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வணிகர் அப்படி விற்கக் கூடாது. விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், வரிக்குரிய சரக்கை எல்லை தாண்டி விற்பவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு வரை தேவைப்படாத இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு, எல்லை தாண்டும்போது 50,000 ரூபாயைக் கடந்தாலே தேவைப்படுகிறது. இந்த ஊர்களுக்கென்றே நடத்தும் பயிற்சியில் இதை முதல் பாடமாக வைத்திருக்க வேண்டும். நான் கேட்டபோது, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்த முதல் பில்லிலேயே கடையின் ஜிஎஸ்டி எண் இல்லை. அப்படியே விட்டிருந்தால் அந்த 4,320 ரூபாயைத் திரும்ப எடுத்திருக்க முடியாது. கேட்டு வாங்கி மாற்றினேன்.

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காலை முழுவதும் ஊக்கப் பேச்சு, கைதட்டல், பாட்டு. மாலையில், அடுத்த நிலைப் பயிற்சிக்குக் கட்டணம் 1,25,000 ரூபாய் என்றும் அன்றிரவுக்குள் கட்டினால் தள்ளுபடி என்றும் அறிவித்தார்கள். துணிந்து இறங்குபவருக்கே வெற்றி என்றார்கள். எவ்வளவு இழக்கலாம், எந்த மாற்றத்தால் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் பணம் கட்டுவதைத் துணிச்சல் என்று நான் கருதவில்லை. மூன்று பேர் அன்றே கையெழுத்திட்டார்கள்; அவர்களில் ஒருவர் நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார். நான்காவது வாரம் வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்த அதே அறையில் இது நடந்தது என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

இனி, வந்த பலன். செப்டம்பரிலிருந்து கடன் நாளை 45இலிருந்து 15ஆகக் குறைத்தோம். இதனால் பொட்டலத்துக்கு 3.60, கிலோவுக்கு 14.40 ரூபாய் வட்டி மிச்சம். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 180 கிலோ வாங்குபவர்கள் இசைந்தார்கள். 50 கிலோ வாங்குபவர்கள் பழையபடியே தொடர்கிறார்கள். 20 கிலோ வாங்கிவந்த இரண்டு கடைகள் எங்களை விட்டுப் போய்விட்டன. மிச்சம் 2,592, இழந்த லாபம் 960, ஆக மாதம் சுமார் 1,630 ரூபாய். மே வரையிலான ஒன்பது மாதங்களில் 14,700 ரூபாய் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. எட்டு மாதம் என்று நான் போட்ட கணக்கு பதினைந்து மாதத்தை எட்டும். அந்த வகையில் என் மதிப்பீடு தவறுதான். ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரு மாதத்துப் பாக்கி முன்னதாகவே கைக்கு வந்ததால் 1,72,800 ரூபாய் விடுபட்டு, ஏப்ரல், மே மாதங்களில் புதுப் பருப்பு வரும் நேரத்தில் வங்கிக் கடனைத் தொடாமலே சரக்கு எடுத்தோம். இத்தனை ஆண்டுகளில் இது முதல் முறை.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் இதில் 28,320 ரூபாயைப் போட வேண்டியதில்லை. இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிறுவனத்தில் உணவும் தங்குமிடமும் உட்பட இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். கடன், மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். மேசைமேல் வைக்கச் சொந்தப் பில் இல்லாதவருக்கு அந்த அடக்கவிலை வகுப்பும் பாதிதான் பயன்படும். ஏற்கெனவே கடை நடத்துபவர்கள், சேரும் மாதத்தைப் பார்த்துச் சேருங்கள். மீன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் வசதியானது. முந்திரிக்காரர்கள் அந்த மாதங்களில் கையிலுள்ள பணத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, ஜூலையில் சேருவதே சரி. கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக் கட்டக் கேளுங்கள். ஏழாவது ஞாயிற்றுக்கிழமை காசோலைப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.