முதல் கேரவனுக்கு எந்த ஆனிங்? காற்றா கம்பியா, முழுசா பாதியா

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டியை. பிரிட்டனில் கோடை வந்தால் நெடுஞ்சாலையெங்கும் இதுதான். வாசல் பக்கமாக அதனோடு சேர்த்துக் கட்டும் துணிக்கூடாரத்துக்குப் பெயர் ஆனிங். வீட்டுக்குத் திண்ணை எப்படியோ, கேரவனுக்கு ஆனிங் அப்படி. ஈரச் செருப்பு, மழைக்கோட்டு, மடக்கு நாற்காலி எல்லாவற்றுக்கும் இடம் அங்கேதான்.

கடைக்குப் போனதும் எல்லாரும் முதலில் பார்ப்பது அளவைத்தான். அதற்கு முன்னால் வேறொரு கணக்கு இருக்கிறது. ஓர் இடத்தில் எத்தனை ராத்திரி தங்கப்போகிறீர்கள்? மற்றதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும்.

கேரவனின் ஒரு பக்கம் முழுவதையும் அடைக்கிற முழு ஆனிங் உண்மையிலேயே இன்னொரு அறை. மேசை போட்டு ஆறு பேர் சாப்பிடலாம். ஆனால் அது உங்கள் கேரவனுக்கென்றே அளவெடுத்து வாங்க வேண்டியது. முன்பக்கம் தரையில் தொடங்கி, வண்டியின் மேல் ஓரமாக ஓடும் ரெயில் (ஆனிங் துணியின் விளிம்பைக் கோர்க்கும் காடி) வழியே டேப்பைக் கொண்டுபோய், பின்பக்கம் தரையில் முடிக்க வேண்டும். 960 செ.மீ. என்று வந்தால், அது எந்த அளவு வரிசையில் விழுகிறது என்று ஆனிங் நிறுவனத்தின் அட்டவணையில் பார்க்க வேண்டும். நாளைக்கே வேறு கேரவன் வாங்கினால் இந்த ஆனிங் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

வாசலை மட்டும் மூடுகிற போர்ச் ஆனிங்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. 260, 330, 390 செ.மீ. மாதிரி அகலங்களில் கிடைக்கிறது. ரெயிலின் நேரான பகுதி போதுமான நீளம் இருக்கிறதா, தரையிலிருந்து ரெயில் எவ்வளவு உயரம், ஆனிங்கின் ஓரம் ஜன்னலின் நடுவில் வந்து விழுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எங்கள் முதல் பயணத்துக்கு நண்பர் ஒருவரிடம் முழு ஆனிங் இரவல் வாங்கிப்போனோம். வேல்ஸ் கடலோரம், பொடித்தூறல். துணியின் விளிம்பில் கயிறு வைத்துத் தைத்த தடித்த ஓரம் இருக்கும். அதை ரெயிலின் ஒரு முனையில் நுழைத்து மறு முனை வரை இழுக்க வேண்டும். "நீ மெதுவா விடும்மா, நான் இழுக்கிறேன்" என்றார் கணவர். வளைவு வந்ததும் துணி சிக்கிக்கொண்டது. நான் ஸ்டூலில் நின்று ஒவ்வொரு விரல்கடையாகத் தள்ளிவிட்டேன். அப்புறம் கம்பிகள்: எது கூரைக்கு, எது காலுக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் புல்லில் பரப்பிவைத்துத் தேடினோம். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. மூன்றாம் நாள் காலை அத்தனையையும் கழற்ற வேண்டியிருந்தது. கிளம்பும் முன் ரெயிலைத் துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

காற்றடைக்கும் ஆனிங்கில் கம்பியே கிடையாது. துணியை ரெயிலில் ஏற்றுவது மட்டும் அதே வேலை. பிறகு கைப்பம்பால் அடித்தால் குழாய்கள் விறைத்துத் தானாக எழுந்து நிற்கும்; முளை அடித்து இழுத்துக்கட்டினால் முடிந்தது. பலமான காற்றில் குழாய் வளைந்து, காற்று தணிந்ததும் நிமிர்ந்துவிடும். உலோகக் கம்பி ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான். பஞ்சர் பயம் எல்லாருக்கும் இருக்கும். உறைக்குள் இருக்கும் காற்றுப்பையை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியும் என்பதால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நிஜமான குறை வேறு: கூடுதல் விலை, பிரிக்கவே முடியாத ஒரே பெரிய மூட்டை.

அந்த மூட்டையின் எடையைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கேரவனில் ஏற்ற அனுமதிக்கிற சுமை பல வண்டிகளில் 150 கிலோ சுமார்தான். பேட்டரி, கேஸ் சிலிண்டர், துணிமணி, பாத்திரம் போக மிஞ்சுவதில் 25 கிலோ ஆனிங் என்பது பெரிய பங்கு. கேரவனின் தகட்டில் பொறித்த அதிகபட்ச எடையைத் தாண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். மூட்டையைக் கார் டிக்கியில் வையுங்கள். இடமில்லையென்றால் கேரவன் தரையில் சக்கரங்களுக்கு நேர் மேலே.

துணியில் பாலியஸ்டர் இலேசானது, விலையும் குறைவு. அக்ரிலிக் கனமானது, ஆனால் காற்றோட்டம் உண்டு, உள்ளே நீர் கோர்ப்பது குறைவு, வெயிலையும் நெடுநாள் தாங்கும். கோடை முழுக்க ஒரே இடத்தில் கேரவனை நிறுத்துகிறவர்களுக்கு அக்ரிலிக் முழு ஆனிங், நல்ல கம்பிகளோடு. வருஷம் ஒருமுறை இரண்டு வாரம் ஒரே ஊரில் தங்குகிற குடும்பத்துக்கும் முழு ஆனிங் சரிதான். இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர் என்றால், யோசிக்காமல் பாலியஸ்டரில் காற்றடைக்கும் போர்ச் ஆனிங் வாங்குங்கள். நாங்களும் அதற்குத்தான் மாறினோம்; இப்போது அரை மணி நேரத்தில் டீ போட்டுவிடுகிறோம். கூரைத் துணியை மட்டும் சுருட்டி விரிக்கிற வகையும் உண்டு; அது வெயிலுக்கு நிழல், அவ்வளவுதான். காற்றடிக்கும்போது அதை விரித்துவிட்டு வெளியே போகக் கூடாது.

எதை வாங்கினாலும் கரி அடுப்பை ஆனிங்குக்குள் கொண்டுவராதீர்கள். நெருப்பு அணைந்தது போலத் தெரிந்தாலும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மழையில் ஈரமாகச் சுருட்டிய துணியை வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவைத்துவிடுங்கள். விட்டால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், பிடித்த கறை போகாது.

பழையது வாங்குவதென்றால், விற்பவர் வீட்டுப் புல்தரையிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள். காற்றடைப்பது என்றால் முழுசாக அடித்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு குழாயையும் கையால் அழுத்திப் பாருங்கள். ஒன்று தொய்ந்திருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.