அவமான உணர்வைத் தணிக்கும் கருணைக் காட்சிப் பயிற்சி ஒலிப்பதிவுகள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

பிரிட்டன் உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய கருணை சார்ந்த சிகிச்சையை, அதாவது தன்னிடமே கனிவு காட்டப் பழக்கும் முறையை, ஒட்டி வரும் ஒலிப்பதிவுகள் பல. ஆனால் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் மூச்சுப் பகுதியைக் கேளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, நிமிடத்துக்கு 5, 6 மூச்சு என்ற நிதானத்துக்கு வர இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். அரை நிமிடத்தில் மனக்காட்சிக்குத் தாவும் பதிவை ஒதுக்கிவிடலாம். உடல் பதறிக்கொண்டிருக்கும்போது கனிவான சொல் காதோடு நின்றுவிடும்.

அடுத்து, கருணை உருவம்; அதாவது நம்மிடம் கனிவு காட்டுவதாக மனக்கண்ணில் காணும் உருவம். நல்ல பதிவு அதன் முகம், வயது, குரல் எல்லாவற்றையும் கேட்பவரிடமே விட்டுவிடும்; ஞானம், உறுதி, அன்பு, குறை காணாத மனம் என்று குணங்களை மட்டும் சொல்லும். ‘உங்கள் அம்மாவை நினையுங்கள்’ என்று தொடங்கினால் சிக்கல்தான். அவமானமே அங்கிருந்து வந்தவர்களும் உண்டே! உருவம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதும் இல்லை. மங்கலாக, வெறும் கனிந்த குரலாக இருந்தாலும் போதும்.

பின்னணி இசை தொல்லை. மூச்சுவிடாமல் பேசும் குரல் அதைவிடத் தொல்லை.

பெரிய குறை வேறு. கனிவு கிடைத்ததும் சிலருக்கு அழுகையோ பயமோ ‘இதற்கு எனக்குத் தகுதியில்லை’ என்ற எண்ணமோ கிளம்பும். இதை முன்கூட்டியே சொல்லாத பதிவு அரைகுறை. அப்படி வந்தால் கண்ணைத் திறந்து மூச்சுக்கே திரும்புங்கள். அடுத்த முறை லேசான சங்கடம் தந்த நினைவு ஒன்றை மட்டும் பயிற்சிக்கு எடுங்கள். வன்கொடுமை நினைவுகள் உள்ளவர்கள் தனியே கேட்காமல் சிகிச்சையாளருடன் செய்வதே சரி.