டிசிஎஸ்ஸில் முதல் பயிற்சி ஜெட்: எல்-39ஆ, டி-45சியா?

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானம் ஓட்டும் கணினி கேமில் முதல் ஜெட்டாக எதை இறக்கலாம் என்று குழம்புபவர்களுக்கு:

செலவு: எல்-39 காசு கொடுத்து வாங்க வேண்டியது, 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். டி-45சி ஆர்வலர்கள் செய்த இலவச மாட் (கேமில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு).

நிறுவுதல்: எல்-39 கேமுக்குள்ளிருந்தே இறங்கிவிடும். டி-45சியை நாமே ஃபோல்டரில் போட வேண்டும். கேம் அப்டேட் ஆனால் சில நேரம் மக்கர் பண்ணும்.

ஓட்டும் சுகம்: இங்கேதான் விஷயம் இருக்கிறது. செக் நாட்டு எல்-39இல் எங்கும் முள் மீட்டர்கள்தான், வேகம் கி.மீ.யில், உயரம் மீட்டரில். த்ராட்டிலைத் தள்ளினாலும் இன்ஜின் முழு வேகம் பிடிக்கப் பத்து விநாடி போல ஆகும். தரையிறங்கும்போது அதை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழவேண்டியதுதான். அந்த நிதானத்தை இவ்வளவு நன்றாகச் சொல்லித்தரும் விமானம் வேறில்லை என்பேன். டி-45சி பிரிட்டிஷ் பயிற்சி ஜெட்டான ஹாக்கிலிருந்து அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. ஹட் (கண்ணெதிரே கண்ணாடியில் தகவல் காட்டும் கருவி), திரைகள், கப்பலில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்கும் வால்கொக்கி எல்லாம் உண்டு.

யாருக்கு எது: அடிப்படை பழகவும் நண்பரைப் பின்சீட்டில் ஏற்றிப் பறக்கவும் எல்-39. அடுத்து எஃப்/ஏ-18 போர் விமானம் என்று முடிவுசெய்து, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பழகுபவர்கள் டி-45சியை எடுங்கள்.