காணாமல் ஆக்கப்பட்டவரின் கோப்பு: ஐ.நா.வின் மூன்று வழிகளில் எதை முதலில் பழக்குவது?

இலங்கையின் வடக்கு, கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளைத் தேடும் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் செயற்பாட்டாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதென்றால், மனித உரிமைப் பேரவை அமர்வு பற்றிய வகுப்பு பிறகு இருக்கட்டும். தனி ஒருவரின் கோப்பு எந்த வழியில் போகும் என்பதை முதலில் கற்பியுங்கள். ஆளைக் கொண்டுபோன திகதியே அதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.

1980இல் அமைந்த, பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய செயற்குழுவில் தொடங்குவதே சரி. 1990இல் நடந்ததையும் 2009இல் நடந்ததையும் அது எடுத்துக்கொள்ளும். உள்ளூர் வழக்கு முடிந்திருக்க வேண்டியதில்லை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர நடைமுறை உண்டு. ஆனால் அது குற்றவாளி யாரென்று சொல்லாது; ‘ஆள் எங்கே’ என்று அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைத் தாயிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து எல்லோரையும் பாதுகாக்கும் 2006ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தின் கீழுள்ள குழு விரைவானது. 30ஆம் உறுப்புரைப்படி அவசர வேண்டுகோள் விடலாம், பாதுகாப்பும் கேட்கலாம். ஆனால் இலங்கை 2016 மே மாதம்தான் இணைந்தது. இறுதிப் போர்க்காலக் கோப்புகளை இங்கே அனுப்புவது வீண். ஒரே சம்பவத்தைச் செயற்குழுவுக்கும் இதற்கும் சேர்த்து அனுப்பவும் கூடாது.

உரிமை மீறப்பட்டதென்ற முடிவு வேண்டுமானால், குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் கீழுள்ள மனித உரிமைகள் குழுதான் (பேரவை வேறு, இது வேறு). தனிநபர் முறைப்பாட்டுக்கு இலங்கை 1997இல் இணங்கியது. 1990இல் திருகோணமலையில் இராணுவம் கொண்டுபோன மகனுக்காகத் தந்தை தொடுத்த 950/2000 முறைப்பாட்டில், பெற்றோரின் வேதனையையே ஓர் உரிமை மீறலாக 2003இல் குழு ஏற்றது. பெரிய வெற்றி அது. ஆனால் அந்த இணக்கம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் 2006இல் கூறியதால், குழுவின் முடிவை உள்ளூரில் நிறைவேற்றுவிப்பது கடினம். முதலில் உள்ளூர்ப் பரிகாரங்களும் முடிந்திருக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்குக் காலம் ஒரே மாதம். அதற்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணைக் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆட்கொணர்வு மனு இழுபட்டால், ஒவ்வொரு தவணையையும் காட்டும் வழக்கேட்டின் அத்தாட்சிப் பிரதியை எடுத்து வையுங்கள். நியாயமற்ற தாமதத்துக்கு அதுவே சான்று. உள்ளூர் வழக்கு முடிந்து ஐந்து வருடம் கடந்தால் குழு மறுக்கக்கூடும்.

எந்த வழியானாலும் கோப்பு தடுக்கி விழுவது சின்ன இடங்களில்தான். பிறப்புச் சான்றில் தம்பிராசா, அடையாள அட்டையில் தம்பிராஜா என்றிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். நாள் நினைவில்லையென்றால் ஊகிக்க வேண்டாம். மாதமும் ஆண்டும் இருந்தாலே செயற்குழுவுக்குப் போதும். பொலிஸ் முறைப்பாடு சிங்களத்தில் இருந்தால், மொழிபெயர்த்துக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டிய பிறகே இணையுங்கள். அதில் ஒரு திகதி, சத்தியக்கடதாசியில் வேறொரு திகதி என்றால் அரசு அதைத்தான் பிடிக்கும். குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அனுப்பியதோடு வேலை முடியவில்லை. ஆளுக்கு என்ன நடந்தது என்று அரசு விவரமாகப் பதில் தந்தால், செயற்குழு அதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும். ஆறு மாதத்துக்குள் மறுமொழி போகாவிட்டால் சம்பவம் ‘தெளிவாக்கப்பட்டது’ என்று பதிவாகிவிடும். குடும்பம் வீடு மாறியிருக்கும், தொலைபேசி எண் மாறியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் இரண்டாவது உறவினரின் எண்ணையும் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள்.