மூணு குப்பி ஒளிரும் பாலிமர் கிட்: வாங்கலாமா?

புற ஊதா வெளிச்சம் பட்டால் ஒளிரும் பாலிமர்கள் அடங்கிய இந்த கிட், சென்னை ஜார்ஜ் டவுன் கெமிக்கல் கடையொன்றில் கிடைக்கிறது. நீலத்துக்கு பி.எஃப்.ஓ. (பாலிஃப்ளோரீன் வகை), பச்சை கலந்த மஞ்சளுக்கு எஃப்8பிடி, ஆரஞ்சுக்கு எம்.இ.எச்-பி.பி.வி. என்று மூன்று பாலிமர், மூன்று குப்பி. கூடவே 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சிரிஞ்ச், குவெட் (கரைசலை ஊற்றி ஒளியைப் பார்க்கும் சின்னப் பாத்திரம்). எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குப் பாலிமரை நம்பி வாங்கலாம். மற்றதெல்லாம் தண்டம்.

குவெட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்; பாலிமரைக் கரைக்கும் திரவமான டொலுயீனை ஊற்றினால் சுவரே கரையும். சிரிஞ்சின் ரப்பர் உப்பி இறுகிக்கொள்ளும். கண்ணாடி சிரிஞ்சும் 0.45 மைக்ரான் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஃபில்டரும் தனியாக வாங்கிவிடுங்கள். டார்ச்சில் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் கறுப்பு ஃபில்டர் இல்லாததால் கசியும் ஊதா வெளிச்சம் பி.எஃப்.ஓ.வின் நீலத்தை அமுக்கிவிடுகிறது.

பாலிமர் நல்ல சரக்கு. மில்லிக்கு 5 மில்லிகிராம் கணக்கில் டொலுயீனில் போட்டு, ஃப்யூம் ஹுட்டுக்குள் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் லேப் பெட்டி) 50 டிகிரியில் ராத்திரி முழுக்கக் கலக்கினால் அடியில் எதுவும் தங்குவதில்லை. பி.எஃப்.ஓ. 95 பங்கு, எஃப்8பிடி 5 பங்கு கலந்து பாருங்கள். அதில் ஒரு சொட்டை 10 மில்லி டொலுயீனில் விட்டு டார்ச் அடித்தால் நீலம். அதே கரைசலைக் கண்ணாடியில் படலமாக்கினால் பச்சை! படலத்தில் பாலிமர் சங்கிலிகள் நெருங்கிக் கிடப்பதால் பி.எஃப்.ஓ. வாங்கிய ஆற்றல் பேண்ட் கேப் (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) குறைந்த எஃப்8பிடிக்கு இறங்கிவிடும். நீர்த்த கரைசலில் அதற்கு வழியில்லை. எம்.இ.எச்-பி.பி.வி.யும் கரைசலில் 555 நானோமீட்டர் வாக்கில், படலத்தில் 590-ஐ ஒட்டி ஒளிரும். எந்த நிலையில் அளந்தது என்று ரெக்கார்டில் எழுதாவிட்டால் வைவாவில் மாட்டுவீர்கள்.

கிட்டோடு வரும் தாள் குளோரோஃபார்மில் கரைக்கச் சொல்கிறது. காசிமேட்டுக் கடல்காற்று அடிக்கிற ஏரியாவுக்கு அது ஒத்துவராது. குளோரோஃபார்ம் சட்டென்று ஆவியாகிப் படலத்தைக் குளிர்விக்கும். காற்றின் ஈரம் அதன்மேல் பனித்து, வெள்ளை பூத்து, பொத்தல் பொத்தலாகும். டொலுயீனே போதும், ஸ்பின் கோட்டரில் (கண்ணாடியைச் சுழற்றிப் படலம் பூசும் கருவி) 2000 ஆர்.பி.எம்.மில், ஏ.சி. ஓடி ஈரம் இறங்கிய பிறகு.

பி.எஃப்.ஓ. படலத்தைக் காற்றில் ஹாட் பிளேட்டில் வைத்தால் 530 நானோமீட்டர் பக்கம் பச்சை எட்டிப் பார்க்கும். நிறத்தை மாற்றிவிட்டோம் என்று குதிக்க வேண்டாம், ஆக்சிஜன் ஏறி, பச்சையாக ஒளிரும் ஃப்ளோரினோன் என்ற குறைபாடு சங்கிலியில் உண்டாகியிருக்கிறது. எம்.இ.எச்-பி.பி.வி. இன்னும் மோசம், காற்றில் டார்ச்சை அடித்துக்கொண்டே இருந்தால் வெளுத்துப்போகும். இவ்வளவு தெரிந்தும் மூன்றையும் நிறமில்லாத கண்ணாடிக் குப்பியில் தருகிறார்கள். வாங்கியதும் அலுமினியம் ஃபாயில் சுற்றுங்கள். தயாரித்த தேதி குப்பியில் இல்லை. கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.